பின்னால வாறான்

மே 7, திங்கள்

இந்த டயரி பூச்சிமருந்துக் கடைக்காரர் வருடப் பிறப்புக்குச் சும்மா தந்தது. நாலு மாதமாகக் கோழிக்கூட்டின் மேலே கிடந்தது. இன்றைக்கு என் மனிசி பரிமளம் அதைத் தூசு தட்டி என் மடியில் போட்டாள். "தண்ணி முறை எந்த நாள் எண்டு நெடுக என்னைக் கேக்காமல் இதில எழுதி வையுங்கோ. எனக்கும் வாய் நோகுது."

எழுதுகிறேன். எங்கள் முறை செவ்வாயும் வெள்ளியும். விதைத்து இன்று பதினொரு நாள். முளை சீராக வந்திருக்கிறது, கிழக்கு மூலையைத் தவிர. அங்கே பாலைமரத்து அடிக்கட்டை நிற்கிறது. ஐயாவும் அம்மாவும் 1953-இல் வேலணையிலிருந்து வந்து இந்த மூன்று ஏக்கர் காட்டை வெட்டியபோது, மரம் விழுந்தது, அடி மட்டும் கிளம்பவில்லை. நெருப்பு வைத்தும் பார்த்தார்களாம். அறுபத்தைந்து வருடமாக அதைச் சுற்றித்தான் உழுகிறோம். ஐயா அதற்கு 'முதலாளி' என்று பேர் வைத்திருக்கிறார்.

"ஜேசிபி பிடிச்சு ஒரு மணித்தியாலத்தில கிண்டி எறியிறன் அப்பா" என்கிறான் அகரன். மூன்று வருடம் கட்டாரில் லொறி ஓட்டிவிட்டுத் தையில் வந்தவன். அவனுக்கு எல்லாமே ஒரு மணித்தியால வேலை. ஆனால் இனிப் போகமாட்டேன், இங்கேயே கமம் செய்யப் போகிறேன் என்கிறான். அதைக் கேட்க நல்லாகத்தான் இருக்கிறது. அவனுக்கு முன்னால் காட்டிக்கொள்ளவில்லை.

மே 8, செவ்வாய்

தண்ணீர் வந்தது. கணுக்கால் நனையவில்லை. மேல் வாய்க்கால்காரர் குடிக்கிறார்களோ குளிக்கிறார்களோ தெரியாது.

மே 11, வெள்ளி

முறை நாள். வாய்க்காலடிக்குப் போகிற நேரம் எங்கள் கிராம அலுவலர், ஜீ.எஸ்., கடிதத்தோடு வந்து நின்றார். குடியேற்றத் திட்டத்தில் அரசாங்கம் பேமிற்றில் அனுமதி தந்த காணி வைத்திருக்கிற எல்லோருக்கும் இனி நிரந்தர உறுதி கொடுக்கப் போகிறார்களாம். ஆடியில் ஐயா நேரில் வந்து கையெழுத்து வைக்க வேண்டும்.

"ஐயாவுக்குப் பிறகு காணி ஆரின்ர பேருக்கு எண்டதையும் அண்டைக்கே சொல்லிப்போடோணும் அண்ணை. பிறகு மாத்திறதெண்டால் பெரிய கரைச்சல்."

பேமிற் காணியைப் பிள்ளைகளுக்குத் துண்டு துண்டாகப் பிரிக்க ஏலாது. ஒரே ஒரு பேர்தான் எழுதலாம். அந்தப் பேர் என்னுடையது அல்ல, என் தம்பி சிவநேசனுடையது. அகரனுக்கு இது இன்றைக்குத்தான் தெரியும்.

"என்னப்பா இது? முப்பத்தஞ்சு வருசமா நீங்கள் செய்யிற காணியில சித்தப்பான்ர பேரோ?"

என் வாய்க்கொழுப்புத்தான் காரணம். இந்தக் குடியேற்றத்தில் பிறந்த முதல் பிள்ளை நான். ஊரே தூக்கிக் கொஞ்சி வளர்த்தது. இருபத்திரண்டு வயதில் ஐயாவின் முகத்துக்கு நேரே, "உங்கட சேத்துக்கை கிடந்து சாக என்னால ஏலாது" என்று சொல்லிவிட்டுக் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனேன். அடுத்த கிழமையே ஐயா காணிக் கந்தோருக்குப் போய்ச் சின்னவனின் பேரை எழுதுவித்தார். அவனுக்கு அப்போது பத்து வயது. "நான் ஒரு இடமும் போகமாட்டன் ஐயா" என்றானாம். நாலு வருடத்தில் நான் வாலைச் சுருட்டிக்கொண்டு திரும்பி வந்தேன். ஐயா மண்வெட்டியைக் கையில் தந்தார். ஆனால் பேமிற்றில் எழுதினது எழுதினதுதான்.

அகரன் நேரே ஐயாவிடம் போனான். ஐயா வழக்கம்போல வாசல் படலையடியில், கதிரையில், ரோட்டைப் பார்த்தபடி.

"அப்பப்பா, பேரை அப்பான்ர பேருக்கு மாத்திவிடுங்கோவன்."

"சின்னவன் வந்து, என்ர பேரை ஏன் வெட்டினியள் எண்டு கேட்டால் நீயோ மறுமொழி சொல்லுவாய்?"

"சித்தப்பா ஒன்பது வருசமா வரேல்லை."

"அப்ப, வாற காலம் கிட்டுது." அவ்வளவுதான். ஐயாவுக்கு எண்பத்தொன்பது வயது. கதையில் அவரை வெல்ல இந்த ஊரில் ஆள் இல்லை.

மே 12, சனி

அகரனும் நானும் புல்லுக்கு மருந்தடித்தோம். கட்டாரில் பழைய கொம்பனி இவனைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறதாம், ஆடி முடிய முதல் மறுமொழி சொல்ல வேண்டுமாம். பரிமளம்தான் சொன்னாள். எனக்குச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

மே 16, புதன்

ஐயா கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டார். எலும்பு தப்பியது. டொக்டர் நெஞ்சைச் சோதித்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார். "இதயம் நல்லாக் களைச்சுப்போச்சு. அதிர்ச்சியான கதை ஒண்டும் ஐயாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

அந்த மனிசனுக்கு இதைச் சொல்ல வேறு மாதம் கிடைக்கவில்லையா?

மே 25, வெள்ளி

தண்ணீர் வரவில்லை. குளத்தில் இல்லையாம்.

ஜூன் 5, செவ்வாய்

வைகாசித் தேய்பிறைச் சத்தமி. விரதம். பரிமளம் விடியவே குளித்து, பூசணிக்காய், வாழைக்காய், பயற்றங்காய் என்று சமைத்தாள்.

"இண்டைக்கு என்ன பிள்ளை, மரக்கறி மணக்குது?" என்று ஐயா கேட்டார்.

"என்ர அப்பான்ர திவசம் மாமா."

ஒவ்வொரு வருடமும் இதே கேள்வி, இதே மறுமொழி. பின்வளவில் பனைக்கு அந்தப் பக்கம் ஐயாவின் கண்ணில் படாமல் இலை போட்டு வைத்தேன். ஐயர் இல்லை, எள்ளுத் தண்ணீர் இல்லை, பேர் சொல்லிக் கூப்பிடவும் ஏலாது. முறையாகச் செய்யவேண்டிய கடனைக் கோழி பிடிக்க வந்த கள்ளன் மாதிரிப் பதுங்கிப் பதுங்கிச் செய்கிறேன். காகம் வரக் கொஞ்சம் சுணங்கியது.

திரும்பினால் அகரன் நிற்கிறான். "அம்மப்பா ஐப்பசியிலயெல்லோ செத்தவர்?"

போய் வேலையைப் பார் என்றேன். பேச்சு அவ்வளவு கடுமையாக வந்திருக்கத் தேவையில்லை.

ஜூன் 6, புதன்

தண்ணீர்க் கணக்கு எழுதத்தான் இந்த டயரி. ஆனால் நேற்றிலிருந்து அவன் என்னைப் பார்க்கிற பார்வை சரியில்லை. அவனுக்குச் சொல்ல முதல் ஒருதரம் எழுதிப் பார்க்கிறேன்.

2009, சண்டையின் கடைசி மாதங்கள். பரிமளமும் அகரனும் ஒரு மாதம் முந்தியே சனத்தோடு சனமாக ஆமிப் பக்கம் போய்விட்டார்கள். ஐயாவுக்குக் கடும் காய்ச்சல். வயது போனவர்களையும் காயப்பட்டவர்களையும் ஏற்றக் கப்பல் வந்து நின்றது. சின்னவன் ஐயாவைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய்ப் படகில் இருத்தினான். "போங்கோ ஐயா, நாங்கள் பின்னால வாறம்" என்றான். நான் கரையில் நின்று கையைக் காட்டினேன்.

அதற்குப் பிறகு நானும் அவனும்தான். வைகாசி பிறந்த அன்று காலை, தண்ணீர் அள்ளிக்கொண்டு வருகிறேன் என்று போனான். கிணறு முப்பது யார் தூரம் இருக்காது. ஷெல் விழுந்தது. நான் போய்ச் சேரும்போது வாளி மட்டும் நிமிர்ந்தபடி இருந்தது.

அவனைத் தாட்டுப் புதைக்க ஒரு மண்வெட்டி இல்லை. பிறந்த நாள் தொட்டு மண்வெட்டியோடு கிடந்தவன் நான். அன்றைக்கு ஒரு மண்வெட்டி கேட்டு எத்தனை பேரிடம் ஓடினேன். சோற்றுக் கோப்பையால்தான் கிண்டினேன். ஆழம் காணாது. மணல் சரிந்துகொண்டே இருந்தது. கலியாணம் பேசிப் பேசித் தட்டிப்போனவன், பெண்சாதி பிள்ளை இல்லை, அழவும் நான் ஒருவன்தான். நானும் அழவில்லை. ஓடினேன்.

முகாமில் ஐயாவைக் கண்டேன். என்னைக் கண்டு சிரித்துவிட்டு, எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"சின்னவன் எங்கை?"

"பின்னால வாறான் ஐயா."

ஒரு இரவுக்குத்தான் அந்தப் பொய். மனிசன் இரண்டு வாய் சாப்பிட்டுப் படுக்கட்டும், விடியச் சொல்லுவோம் என்று நினைத்தேன். விடிய ஐயா என்னை இழுத்துக்கொண்டு போய் வருகிற பஸ் எல்லாவற்றையும் பார்க்கத் தொடங்கிவிட்டார். பிறகு ஊருக்கு விட்டார்கள். பிறகு காணாமல் போனோருக்குப் படிவம் நிரப்பச் சொன்னார். கடைசியாகக் கண்டவர் யார் என்ற இடத்தில் என் பேரை என் கையாலேயே எழுதினேன். ஐயா தம்பியின் படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்க, நான் பக்கத்தில் நின்று குடை பிடித்தேன். என்னை மாதிரி ஒரு கேடுகெட்டவன் இருப்பானா? பரிமளத்துக்கு மட்டும் தெரியும். முதல் இரண்டு வருடம் சொல்லுங்கோ சொல்லுங்கோ என்று கரைந்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

ஜூன் 9, சனி

அகரனிடம் சொல்லிவிட்டேன். வரம்பு கட்டிக்கொண்டு நின்றோம். நான் சொல்லி முடிக்கும்வரை குனிந்தபடியே நின்றான். லாண்ட் மாஸ்டர் உழவு மெஷின் ஓட்ட அவனைப் பழக்கியது சித்தப்பாதான், காலில் செருப்புக்கூட இல்லாத வயதில். பிறகு சேற்றிலேயே குந்தியிருந்து அழுதான். அவன் தோளில் கை வைக்கப் போனேன், என் கை முழுக்கச் சேறு. வைக்கவில்லை.

"அப்பப்பாவுக்குச் சொல்லுங்கோ" என்றான் கடைசியில்.

"டொக்டர் என்ன சொன்னவர் எண்டு கேட்டனியோ?"

"இதுக்குள்ள டொக்டரை ஏன் இழுக்கிறியள்? ஒன்பது வருசமும் டொக்டரோ மறிச்சவர்? சொல்லாமல் விட்டால் காணி செத்த ஆளின்ர பேரில போகும். பிறகு எந்தக் கந்தோருக்கு ஏறி இறங்கிறது? ஆடிக்கு முதல் சொல்லுங்கோ அப்பா. சொன்னால் நான் நிக்கிறன்."

சொல்கிறேன் என்று சொன்னேன்.

ஜூன் 19, செவ்வாய்

இன்று முழங்கால் அளவு தண்ணீர். குளத்துக்கு எங்கேயோ மழை பெய்திருக்கிறது. பயிர் ஒரே நாளில் கறுத்துவிட்டது.

ஜூலை 3, செவ்வாய்

படலையடிக்குப் போனேன்.

"ஐயா, உங்களோட ஒரு கதை."

"கதையன்."

"மடிச்சுக்கட்டிப் பூச்சி விழுந்திருக்கு, வடக்குப் பக்கம்."

"அதுக்கேன் மூஞ்சையைத் தொங்கப்போடுறாய்? மருந்தை அடி."

அடித்தேன்.

ஜூலை 10, செவ்வாய்

இன்று தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்து, பக்கத்தில் குந்தினேன். சொல்லத் தொடங்க முதல் அவர் தொடங்கிவிட்டார். முதல் வருடம் யானைக்குப் பயந்து பரணில் படுத்த கதை. அம்மாவுக்குப் பிள்ளைப்பேற்றுக் குத்து எழும்பியபோது மருத்துவிச்சிக்கு ஆள் அனுப்பினால் வழியில் யானை நின்றதாம். ஐயாவே கீழே சாக்கை விரித்து என்னை ஏந்தினாராம்.

"நீ கத்தின சத்தத்துக்குப் பிறகுதான் கொம்மா சொன்னவள், இனி இது காடில்லையப்பா, ஊர் எண்டு" என்றார். "உன்னை ஏந்தின கையாலதான் மோனை சின்னவனையும் ஏந்தினனான்."

தேத்தண்ணிக் கோப்பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 17, செவ்வாய்

நாளைக்குக் கந்தோர். கதிர் பால் பிடித்துவிட்டது. பின்னேரம் வயலில் ஒருவரும் இல்லாத நேரம் பாலைக்கட்டைக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். "ஐயா, சின்னவன் இல்லை. நான்தான் தாட்டனான்." இரண்டு தரம் வந்தது. மூன்றாம் தரம் நடுக்கமில்லாமலே வந்தது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அகரனிடம், "நாளைக்குச் சொல்லிப்போடுவன், கந்தோருக்குப் போற வழியில" என்றேன். அவன் பிட்டு இன்னும் கொஞ்சம் போடு என்று தாயிடம் கேட்டான். கனநாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டான்.

ஜூலை 18, புதன்

ஓட்டோவில் போனோம். ஐயா வெள்ளை வேட்டி, சால்வை. வழி முழுக்க, இந்த வளைவில் கரடி, அந்தப் பாலத்தில் முதலை என்று சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு இடைவெளி கிடைக்கவில்லை. இப்படித்தான் எழுத வேண்டும். இடைவெளி கிடைத்தது, இரண்டு தரம் கிடைத்தது.

காணி உத்தியோகத்தர் சின்னப் பெண். நல்ல பிள்ளை. ஐயாவுக்குக் கதிரை போட்டு, தண்ணீர் கொடுத்து, பழைய பேமிற்றை விரித்தாள். ஐயா அந்தக் காலத்தில் வைத்த கையெழுத்துக் கோணல் மாணலாக இருந்தது.

"ஐயா, பின்னுரித்துக்குச் சிவநேசன் எண்டு இருக்கு. அதையே உறுதியிலயும் போடுறதோ?"

"ஓம் பிள்ளை, அதையே போடு."

அகரன் என் முழங்கையில் தொட்டான். அந்தப் பிள்ளை வேறொரு தாளைப் புரட்டிப் பார்த்தாள். "இவரைக் காணேல்லை எண்டும் ஒரு பதிவு இருக்கு ஐயா. ஆள் இருக்கிறாரோ?"

"என்னை ஏன் கேக்கிறாய்? மூத்தவனைக் கேள். கடைசியா அவனோடதான் நிண்டவன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஐயாவும் பார்த்தார். வெயிலில் தம்பியின் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே முகம். ஒரு சொல்லுத்தான் வேண்டும். கட்டைக்கு முன்னால் மூன்று தரம் சொன்ன சொல். சால்வைக்குள் அவருடைய நெஞ்சுக்கூடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"உங்களுக்குத் தெரிய அவர் உயிரோட இருக்கிறாரோ அண்ணை?"

"இருக்கிறான்" என்றேன்.

ஐயா மேசையில் தட்டினார். "கேட்டியே பிள்ளை? நாலு வருசம் எங்களை விட்டிட்டு ஓடினவன்தான். ஆனால் மூத்தவன் பொய் சொல்ல மாட்டான்."

அந்தப் பிள்ளை எழுதினாள். அகரன் தன் கையிலிருந்த பைலை மூடினான். ஐயாவுக்குக் கை நடுங்கியது, நான்தான் மணிக்கட்டைப் பிடித்துக் கையெழுத்து வைப்பித்தேன்.

டொக்டர் சொன்னதால்தான் அப்படிச் சொன்னேன்.

ஜூலை 19, வியாழன்

பரிமளம் கதைக்கவில்லை. சோறு வைத்தாள்.

ஜூலை 21, சனி

அகரன் கொம்பனிக்கு மறுமொழி போட்டுவிட்டான். அவன் சண்டை பிடிப்பான் என்று இருந்தேன். பிடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நானே வாயைத் துறந்திருக்கலாம் அப்பா. அப்பப்பான்ர முகத்தைப் பாத்தன். என்னாலயும் ஏலேல்லை. உங்களைக் கோவிக்க என்ன இருக்கு?" என்றான். பிறகு, "ஆனால் இனி என்னால இஞ்ச நிக்க ஏலாது" என்றான்.

நில்லடா என்று சொல்ல எனக்கு என்ன உரித்து இருக்கிறது? பசளைப் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். கதிர் வந்த வயலுக்குப் பசளை எறிவதில்லை என்பது பாதி வழியில்தான் நினைவு வந்தது.

ஆகஸ்ட் 9, வியாழன்

போய்விட்டான். ஐயாவிடம் குனிந்து, "போட்டு வாறன் அப்பப்பா" என்றான். டவுனுக்குப் போகிறான் என்று நினைத்து, வரும்போது வெற்றிலை வாங்கி வரச் சொன்னார். கட்டாருக்கு என்று பரிமளம் காதுக்குள் இரண்டு தரம் சொன்னாள். ஓம் ஓம் என்றார். பஸ் ஏறும்போது அகரன் என்னைக் கட்டிப் பிடித்தான். இவ்வளவு வளர்ந்துவிட்டான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆகஸ்ட் 14, செவ்வாய்

வெட்டு மெஷின் வந்தது. பாலைக்கட்டையைக் கண்டு டிரைவர், "உதை இன்னும் கிண்டாமல் வைச்சிருக்கிறியளே அண்ணை" என்று ஏசினான். அதைச் சுற்றி நின்ற கதிரை நானே அரிவாளால் வெட்டினேன். நல்ல விளைச்சல். சொல்லி மகிழப் பக்கத்தில் ஆள் இல்லை.

ஆகஸ்ட் 19, ஞாயிறு

புது அரிசியில் பரிமளம் பொங்கினாள். ஐயா கதிரையை விட்டு வர மாட்டாராம், படலையடிக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். மூன்று வாய் சாப்பிட்டார். அவர் அவ்வளவு சாப்பிட்டுக் கனநாள்.

"எங்கட வயல் அரிசிதானே?"

"ஓம் ஐயா."

"சின்னவனுக்கு எடுத்து வைச்சாச்சோ?"

"வைச்சிருக்கு மாமா" என்றாள் பரிமளம்.

ஐயா இன்னொரு வாய் எடுத்துவிட்டு நிறுத்தினார். என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அகரன் எங்கை, ஆளைக் காணேல்லை?"

கட்டார் என்று சொல்லலாம். அது பொய்கூட இல்லை. பரிமளம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பின்னால வாறான் ஐயா."

தலையாட்டினார். கதிரையை இன்னும் கொஞ்சம் ரோட்டுப் பக்கம் திருப்பிவிடச் சொன்னார். திருப்பிவிட்டேன்.